கூடுதல் கட்டில்: துணையோடு சேர்ந்து வெளியே வருகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு கட்டில் உண்டு. யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் அரை மணிநேரம் முன்னாடியே அதன் விரிப்பைக் கொஞ்சம் கசக்கிவிட்டு, தலையணையில் குழி விழுகிற மாதிரி அழுத்திவிட்டு, பக்கத்தில் பாதி படித்த புத்தகம் ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். அதுதான் "அவளுடைய" கட்டில். நாங்கள் ரூம்மேட். வருகிறவர்கள் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான், ஆனாலும் யாராவது ஒருவர் பாத்ரூம் போகிற வழியில் அந்த அறையை எட்டிப் பார்ப்பார்கள். நானும் அவளும் சேர்ந்து 14 வருஷமாகிறது, அதில் முதல் 7 வருஷம் இந்த நாடகம்தான்.

இப்போது அந்த நிலையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணை இருக்கிறார், வருஷக்கணக்காக இருக்கிறார், ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது, அல்லது ஒருவர் பக்கம் தெரியும், இன்னொருவர் பக்கம் தெரியாது. நான் பெண், அவளும் பெண். வெளியே வருவது என்றால் இதை மற்றவர்களிடம் மறைக்காமல் சொல்வது. ஆண்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் சொல்லாமல் செய்ய வேண்டியவை

யாரிடமும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: சொன்ன அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்குவீர்கள்? சொல்லப்போகிறவரின் வீட்டில்தான் இருக்கிறீர்கள், அவர் பணத்தில்தான் படிக்கிறீர்கள் என்றால், காத்திருப்பது கோழைத்தனம் இல்லை. சம்பாத்தியம் வரட்டும். அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட் எல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, வீட்டில் வேறு யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாத போன், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கிற ஒரு ஆள். இந்த ஐந்தும் இல்லாமல் "உண்மையாக வாழ்கிறேன்" என்று இறங்கி, நடு ராத்திரியில் பையோடு தெருவில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். இன்றைக்கும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் உறவு குற்றம். அங்கே வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் ஊரில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் உருக்கமாக எழுதி அனுப்புவதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

எந்த வார்த்தை

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நான் மாதக்கணக்கில் சிக்கியது இங்கேதான். தமிழ்ச் செய்திகளில் ரொம்ப நாளாகப் புழங்கிய சொல் ஓரினச்சேர்க்கை. அந்தச் சொல்லை அம்மாவிடம் சொன்னால் அவர் காதில் விழுவது படுக்கையறை மட்டும்தான், காலையில் யார் முதலில் எழுந்து கேஸ் பற்றவைக்கிறார்கள் என்பது விழாது. தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர்மேல் வரும் ஈர்ப்பு, நல்ல சொல், நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் 60 வயதுக்காரர் பலருக்கு அது புரியாது, அகராதி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். கே, லெஸ்பியன் என்றால் புரியும், கூடவே சினிமாவில் பார்த்த கிண்டலும் ஞாபகத்துக்கு வரும். "நாங்கள் கணவன் மனைவி மாதிரி" என்று சொல்லிப் பார்த்தேன், அடுத்த நொடியே "அதில் யார் கணவன்?" என்று கேள்வி வந்தது.

கடைசியில் எனக்கு உதவியது மிகச் சாதாரணமான வாக்கியம். "அவள் என் தோழி இல்லை அம்மா, என் துணை." தூக்கம் வராத ராத்திரிகளில் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். வாயில் ஒரு தடவைகூட வராத வாக்கியம் அந்த நேரத்தில் தொண்டையிலேயே நின்றுவிடும்.

விவியன் காஸ் என்ற உளவியலாளர் 1979-இல், தன்பாலீர்ப்பை ஒருவர் தனக்குள் உணர்ந்து ஏற்கிற பாதையை ஆறு கட்டமாகப் பிரித்து எழுதினார்: குழப்பம், மற்றவர்களோடு ஒப்பிடுதல், சகித்துக்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல், பெருமை, கடைசியாக இதுவும் என்னில் ஒரு பகுதி என்று அடங்குவது. எல்லாரும் இதே வரிசையில் போவதில்லை என்று பிறகு பலர் குறை சொன்னார்கள், சரிதான். ஆனால் சகித்துக்கொள்வதையும் ஏற்றுக்கொள்வதையும் அவர் தனித்தனியாக வைத்தார் பாருங்கள், அதை நான் மறப்பதில்லை. நீங்களே உங்களைச் சகித்துக்கொண்டிருக்கும் நிலையில் போய் வீட்டில் சொன்னால், அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கே மன்னிப்பு கேட்கத் தொடங்கிவிடுவீர்கள்.

இருவருக்குள் பேச வேண்டியது

தனி ஆள் வெளியே வருவதற்கும் ஜோடியாக வருவதற்கும் பெரிய வித்தியாசம், உங்கள் ரகசியம் இன்னொருவருடையதும்கூட. நீங்கள் சொன்னால் அவரும் வெளியே வந்துவிடுகிறார், அவர் தயாரோ இல்லையோ.

அவள் 24 வயதிலேயே தன் வீட்டில் சொல்லிவிட்டாள். நான் 30 தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆபீஸ் விருந்தில் யாரோ அவளைக் காட்டி "இவங்க?" என்று கேட்க, நான் யோசிக்காமல் "பக்கத்து வீடு" என்றேன். ரூம்மேட் என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது டாக்ஸியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "பக்கத்து வீட்டுக்காரி தூங்கப் போகிறாள்" என்று சொல்லிவிட்டு அந்தச் சின்ன அறையின் தரையில் பாயை விரித்துக்கொண்டு படுத்தாள். கட்டிலில்கூடப் படுக்கவில்லை.

அந்த வாரம்தான் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போட்டோம். தெரிந்தவர்கள், ஊகித்திருப்பவர்கள், இப்போதைக்குத் தெரியக்கூடாதவர்கள். இருவர் பட்டியலையும் தனித்தனியாக எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தோம். நீங்களும் செய்யுங்கள், ஆச்சரியங்கள் இருக்கும். பிறகு பேச வேண்டியவை: ஒவ்வொரு இடத்திலும் என்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவாய், போட்டோவை எங்கே போடலாம், யாராவது நேரடியாகக் கேட்டுவிட்டால் மறுப்பதா, மழுப்புவதா, ஆமாம் என்பதா. ஒருவர் சார்பில் இன்னொருவர் சொல்வதில்லை, சண்டையிலும் இல்லை, குடித்திருந்தாலும் இல்லை. இது ஒன்றை மட்டும் கல்லில் பொறித்துக்கொள்ளுங்கள்.

வேகம் யாருடையது என்று கேட்பீர்கள். மெதுவாக நடக்கிறவருடையதுதான். ஆனால் மெதுவாக நடப்பது வேறு, நின்றே போவது வேறு. அதனால் தேதி குறியுங்கள். சொல்வதற்கான தேதி வேண்டாம், மறுபடி உட்கார்ந்து பேசுவதற்கான தேதி போதும். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு தடவை நான் எதையும் நகர்த்தவில்லை. மூன்றாவது தடவை வெறுங்கையோடு உட்கார எனக்கே வெட்கமாக இருந்தது.

முதல் ஆள்

அம்மா அப்பாவிடம் தொடங்காதீர்கள். அவர்களிடம் தொடங்கினால் முதல் தடவையே இறுதிப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடும். தோல்வியடைந்தாலும் வாழ்க்கை குலையாத ஒருவரிடம் தொடங்குங்கள்: பழைய நண்பர், அக்கா, சித்தி மகன். முன்கூட்டியே ஆழம் பார்க்கலாம், இது சம்பந்தமாக ஏதாவது செய்தி வந்தால் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு முகத்தைக் கவனியுங்கள். அவர் மற்றவர்களுடைய ரகசியத்தை உங்களிடம் சொல்கிறவரா என்றும் பாருங்கள். சொல்கிறவர் என்றால் உங்களுடையதும் நாளைக்கே ஊர்வலம் போகும்.

சொன்னதும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இது யார் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது. நல்ல மனசுக்காரர்கள்தான் பெரும்பாலும் உளறுகிறார்கள், உங்களுக்கு ஆதரவு திரட்டுவதாக நினைத்துக்கொண்டு.

பெற்றோர்

எப்போது சொல்லக்கூடாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். விசேஷ நாளில், சண்டையின் நடுவில், ஓடுகிற காரில், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று தேதி குறித்திருக்கும்போது. மற்றபடி நல்ல நேரம் என்று ஒன்று வரப்போவதில்லை. நேரில் சொல்வதா, எழுதுவதா என்றால், கத்துகிற வீடாக இருந்தால் எழுதுங்கள், கடிதத்தை இடையில் மறித்துப் பேச முடியாது. முதல் நாள் துணையைக் கூட அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் அழட்டும், திட்டட்டும், அதை உங்கள் துணை பார்க்க வேண்டாம். பின்னால் மருமகள் மாதிரியோ மருமகன் மாதிரியோ பழகும்போது அந்த முதல் நாள் முகம் இரண்டு பக்கமும் ஞாபகத்துக்கு வரும்.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும், சின்ன வயதிலிருந்தே. அவள் என் துணை. ஏழு வருஷமாகிறது. நான் நன்றாக இருக்கிறேன்." இதில் "சின்ன வயதிலிருந்தே" என்பது முக்கியம். இல்லையென்றால் பழி முழுக்க அவள் தலையில் விழும், "அவள்தான் உன்னைக் கெடுத்துவிட்டாள்" என்று. இருந்தும் விழுந்தது, ஆனால் சீக்கிரமே நீர்த்துப்போனது.

அப்புறம் கேள்விகள் வரும், அவற்றுக்குத் தயாராகப் போங்கள். "டாக்டரிடம் போகலாமா?" இது நோய் இல்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் பட்டியலிலிருந்து எடுத்தது, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-இல் எடுத்தது. மாற்றிவிடுகிறேன் என்று காசு வாங்குகிறவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள், "அவர்களுடைய திருப்திக்கு ஒரு தடவை" என்றுகூட வேண்டாம், மனம் நொறுங்குவதைத் தவிர அங்கே வேறு பலன் இல்லை. "நாங்கள் வளர்த்ததில் என்ன தப்பு?" ஒன்றும் இல்லை, வளர்ப்பால் யாரும் இப்படி ஆவதில்லை என்று சொல்லுங்கள், இந்த ஒன்றைப் பத்து தடவை கேட்பார்கள், பத்து தடவையும் சொல்லுங்கள். "வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" அவளைத்தான் காட்ட வேண்டும். உங்களுக்கு இருபாலீர்ப்பு என்றால் கூடுதலாக ஒன்று வரும், "ஆணையும் பிடிக்கும் என்றால் ஒரு ஆணையே கட்டிக்கொள்ளேன்". யாரைப் பிடிக்கலாம் என்பதைப் பற்றி நான் பேசவில்லை, யாரைப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன் என்று பதில் சொல்லலாம்.

கேட்கிற வாயை மூடுவதற்காக எதிர்பாலினத்தவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை: செய்யாதீர்கள். ஒன்றும் அறியாத மூன்றாவது மனிதரின் வாழ்க்கையைப் போட்டு உங்கள் பிரச்சினையை மூடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதல் நாள் அவர்கள் சொல்வதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கே புரிய எத்தனை வருஷமானது? அவர்களுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு கோடு போடுங்கள். அழலாம், பேசாமல் இருக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம், அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டக் கூடாது. திட்டினால் போனை வைத்துவிடுவேன் என்று சொல்லி, அப்படியே வைத்தேன், நான்கு தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நீங்கள் வெளியே வந்த அதே நிமிஷம் அவர்கள் உள்ளே போகிறார்கள். இனி சொந்தக்காரர்கள் கேட்டால் மழுப்ப வேண்டியவர் அம்மா. அவரிடம் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சத்தியம் வாங்கினால் அவரைத் தனியறையில் போட்டுப் பூட்டுகிறீர்கள். அவருக்கு நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து மனம்விட்டுப் பேச அனுமதி கொடுங்கள். நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்ட் என்ற பள்ளி ஆசிரியை 1972-இல் தன்பாலீர்ப்புள்ள தன் மகனோடு பதாகை ஏந்தி உரிமை ஊர்வலத்தில் நடந்தார், அதைப் பார்த்தவர்கள் ஓடிவந்து "என் அம்மாவிடமும் பேசுங்கள்" என்று கெஞ்சினார்கள். அதிலிருந்துதான் 1973-இல் பெற்றோர்களுக்கென்று ஒரு குழு தொடங்கியது. ஒரு அம்மா சொன்னால் இன்னொரு அம்மா கேட்பார், நாம் சொல்வதைவிட.

அப்பாக்கள் சிலருக்கு எண்கள் வேண்டும். கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பம் கடுமையாக நிராகரித்த இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவான குடும்பத்தினரைவிட 8.4 மடங்கு அதிகம். மிரட்டுவதற்காகக் காட்டாதீர்கள். அவர்கள் ஓரளவு நிதானத்துக்கு வந்தபிறகு காட்டலாம். உங்களுக்கே அந்த எண்ணம் வருகிறது என்றால் இந்தத் திட்டம் எல்லாம் அப்புறம், இன்றைக்கே துணையிடமோ மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

ஆபீஸ்

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு, "அவங்க". ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. "அவங்களுக்கு உடம்பு சரியில்லை", "அவங்களோட கிளம்பினேன்". போதாததற்கு எழுவாயே இல்லாமல் "போனோம், பார்த்தோம், வந்தோம்" என்று ஒரு வார இறுதியையே சொல்லி முடித்துவிடலாம். நான் ஐந்து வருஷம் இப்படியே ஓட்டினேன், கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு ஒரு கணவர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அவர் வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இதிலிருந்து வெளியே வர அறிவிப்பு எல்லாம் வேண்டாம். ஒரு நாள் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். எல்லாரும் ஒரு வினாடி நிற்பார்கள், அப்புறம் யாராவது வேறு எதையாவது கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒன்று: வேலையை விட்டு நீக்கினால் சட்டம் உங்கள் பக்கம் நிற்குமா, மருத்துவக் காப்பீட்டில் துணையைச் சேர்க்க முடியுமா, சேர்த்தால் அந்தப் படிவத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இதை எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள், நாங்களும் போட்டோம். அவளுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது படிவத்தில் ஒரு கட்டம், "நோயாளிக்கு உறவு". பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோழி என்று எழுதினேன். கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டும் என்றார்கள், ஒன்பது மணிநேரப் பயண தூரத்தில் இருந்த அவள் அண்ணனுக்குப் போன் போனது, அவரோ என்னைத்தான் திருப்பிக் கூப்பிட்டு "அவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்காது?" என்று கேட்டார்.

எடித் வின்ட்சர், தியா ஸ்பையர் என்று இரண்டு அமெரிக்கப் பெண்கள். 1967-இல் தியா கல்யாணத்துக்குக் கேட்டபோது மோதிரம் தரவில்லை, வைரம் பதித்த வட்டமான ஒரு ஊசிப்பதக்கம் தந்தார். மோதிரம் போட்டால் எடித்தின் ஆபீஸில் மாப்பிள்ளை யார் என்று கேட்பார்களே. 40 வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, 2007-இல் கனடாவில் கல்யாணமும் செய்துகொண்டார்கள். 2009-இல் தியா இறந்ததும், நீ அவருக்கு மனைவி இல்லை என்று சொல்லி அமெரிக்க அரசு 3,63,053 டாலர் வாரிசு வரி போட்டது. எடித் வழக்குத் தொடுத்து 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார், அப்போது அவருக்கு 84 வயது.

தன்பால் திருமணச் சட்டம் இருக்கும் நாட்டில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நெதர்லாந்து 2001-இல் முதலில் கொண்டுவந்தது, தைவான் 2019, தாய்லாந்து 2025. இந்தியாவில் 2018-இல் உறவு குற்றமில்லை என்றானது, ஆனால் 2023-இல் திருமண உரிமை கிடைக்கவில்லை. ஒரு நாட்டில் செய்த கல்யாணம் இன்னொரு நாட்டில் வெறும் போட்டோ ஆல்பமாகிவிடலாம். ஆகவே கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் இவை வேண்டும்: இருவருக்கும் உயில், சாட்சிகளோடு. நினைவில்லாமல் கிடந்தால் சிகிச்சை பற்றி முடிவெடுக்கத் துணைக்கு அதிகாரம் தருகிற பத்திரம். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் நாமினி. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர். நாமினி போட்டுவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள், பல இடங்களில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் கொடுக்கிற ஆள்தான், சொத்து யாருக்கு என்று சொல்வது உயில். ஒரு வக்கீலிடம் ஒரு தடவை உட்கார்ந்தால் முடிகிற வேலை. பிரதி ஒன்று போனில் இருக்கட்டும், அசல் எங்கே என்று மூன்றாவது ஆள் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

உள்ளே, கதவை மூடினபிறகு

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தன்பால் ஜோடிகளை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து 2003-இல் எழுதினார்கள், கருத்து வேறுபாட்டின்போது ஆண்-பெண் ஜோடிகளைவிட இவர்கள் அதிகம் சிரிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் அடக்கப் பார்ப்பது குறைவு என்று. எங்கள் வீட்டில் வந்து பார்த்திருந்தால் கொஞ்சம் திருத்தியிருப்பார்கள். ஆனாலும் ஒன்று நிஜம்: யார் சமைக்க வேண்டும், யார் பில் கட்ட வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம் நமக்கு இல்லை, எல்லாவற்றையும் பேசித்தான் பிரிக்க வேண்டும், அந்தப் பேச்சே பழக்கமாகிவிடுகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஜோடிக்கு ஒருவருக்கு ஒருவர்தான் உலகம், கோபம் வந்தால் போய்ப் புலம்ப ஆளில்லை. ஆளுக்கொரு நண்பர் வட்டம் வைத்துக்கொள்ளுங்கள். "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று துணை மிரட்டினால் அது கோபம் இல்லை, வன்முறை, அடித்தால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். அப்புறம், ஊரையே எதிர்த்து நின்று சேர்ந்துவிட்டோம், இப்போது பிரிந்தால் "அப்பவே சொன்னேன்" என்பார்களே என்று செத்துப்போன உறவைச் சுமந்துகொண்டிருக்கிறவர்கள் உண்டு. பிரியலாம். எல்லா விதமான ஜோடிகளிலும் பிரிகிறவர்கள் உண்டு.

அம்மா இரண்டு வருஷம் இங்கே வரவில்லை. மூன்றாவது வருஷம் வந்தார், முதல் தடவையாக ராத்திரி தங்கினார், அந்தச் சின்ன அறையில். காலையில் எழுந்து வந்து என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார், "அந்தக் கட்டில் ஆடுது கண்ணு, ஒரு திருகாணி விட்டுப் போயிருக்கு போல, பாரு." அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனாள். அத்தனை வருஷம் அதில் யாரும் படுத்ததே இல்லை, ஆடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.